மணிக்கட்டா, பொம்மையா?

சிட்னிக்கு மேற்கே, ஃபேர்ஃபீல்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருக்கும் பாட்டிகளில் பலர் ஸ்பானிய மொழிக்காரர்கள். 1958இல் குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்ட ஸ்பெயினிலிருந்து ஆண்கள் கப்பலேறினார்கள். 1960இல் தொடங்கிய 'மார்த்தா திட்டம்' மணமாகாத பெண்களை வீட்டு வேலைக்கு வரவழைத்தது. 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கிருந்தும் குடும்பம் குடும்பமாக சிட்னிக்கும் மெல்பனுக்கும் வந்தார்கள். அப்போது இளைஞர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டியோ தாண்டியோ வயதாகிறது. டிமென்ஷியா வந்தால் பிற்பாடு கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் நழுவும். ஐம்பது வருடம் ஆங்கிலத்தில் புழங்கியவர்கூட தாய்மொழிக்கே திரும்பிவிடுவார்.

அதனால்தான் ஸ்பானியம் கற்கத் தொடங்கினேன். எனக்கு ஆசிரியர் சிலியிலிருந்து வந்த ஒரு பாட்டி. என்னை 'மிஹீத்தா' என்பார். 'என் மகளே' என்று பொருள்.

அவரிடம் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் 'முன்யேக்கா'. மணிக்கட்டுக்கும் அதுதான் பெயர், பொம்மைக்கும் அதுதான். கீழே விழும்போது கையை ஊன்றிய மூதாட்டிக்கு மணிக்கட்டு முறிவது சாதாரணம். அவர் 'முன்யேக்கா' என்று முனகும்போது, அந்த ஒரு சொல்லை மட்டும் போனில் தட்டினால் 'பொம்மை' என்று வந்துவிடலாம். மறதி நோயாளிகளுக்கு ஆறுதலாகப் பொம்மை கொடுக்கும் வழக்கமும் இல்லங்களில் உண்டு. மடியில் பொம்மையை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால், எலும்பு முறிந்த கை அப்படியே கிடக்கும். இதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டுவது பக்கத்தில் நிற்கும் சொற்கள்தான். 'மே துவேலே லா முன்யேக்கா' என்றால் 'எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது'. ஸ்பானிய மொழிக்காரர்கள் இங்கே 'என் மணிக்கட்டு' என்று சொல்வதில்லை. 'மே' என்பது நம் 'எனக்கு'. அதுவே யாருடைய கை என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பழக்கத்தில் வருபவர்கள் இந்த அமைப்பில் திணறுவார்கள். 'எனக்கு வலிக்குது' என்றே வளர்ந்த நமக்கு இது சொந்த வீடு. 'மி முன்யேக்கா', அதாவது 'என் முன்யேக்கா' என்று ஒருவர் தேடினால், பெரும்பாலும் அது பொம்மையாக இருக்கும்.

பாட்டியின் கணவர் மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் தொழிலாளி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சைப் பொதிந்த உருண்டையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு வரவைப்பார். அந்தத் துணி உருண்டையும் முன்யேக்காதான். அதைக் கேட்டதும் ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள் என்பது எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியைச் சொல்பவர் சொற்பிறப்பு அறிஞர் ஜோவான் கொரோமினஸ். லத்தீனுக்கும் முந்தைய வேர் இது என்றும், முதலில் எல்லைக்கல்லை, துருத்தி நிற்கும் மேட்டைக் குறித்தது என்றும் அவர் கருதுகிறார். கையில் எலும்பு புடைத்து நிற்கும் இடம் மணிக்கட்டு. உருட்டிக் கட்டிய துணி பஞ்சுருண்டை. அதுவே குழந்தையின் கைக்குப் போனால் துணிப் பொம்மை. அகராதியில் ஒட்டாமல் நின்ற பொருள்கள் இப்படி ஒன்றுக்கொன்று உறவாகிவிடுகின்றன.

சிலி, உருகுவே, அர்ஜென்டினாக்காரர்களிடம் இன்னொரு பொருளும் உண்டு. ஒருவருக்கு 'முன்யேக்கா இருக்கிறது' என்றால் சிக்கலான விஷயத்தைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர் என்று அர்த்தம். அரசியல்வாதிகளைப் பற்றிப் பேசும்போது அதிகம் வரும்.

இப்படிப் பல பொருளைத் தாங்கும் பொம்மைச் சொல் நம்மிடமும் உண்டு. தமிழில் 'பாவை' பொம்மை, பெண், கண்மணி மூன்றையும் குறிக்கும். காமத்துப்பாலில் தலைவன் கண்மணிக்குள் இருக்கும் பாவையிடம் காதலிக்காக இடம் கேட்கிறான். ஸ்பானியத்திலும் 'நீன்யா' சிறுமிதான், கண்மணியும்தான். எதிரே நிற்பவரின் கண்ணில் நம் உருவம் குட்டியாகத் தெரிவதை இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே பார்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பாட்டி என் கண்ணருகே வந்து உற்றுப் பார்த்தார்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது 'தோந்தே லே துவேலே?' என்ற கேள்வி. 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது?' என்று கேட்டுவிட்டு, கை எங்கே போகிறது என்று பாருங்கள் என்பேன். மருத்துவர் வந்தால் என் அரைகுறை ஸ்பானியம் போதாது. 1973இல் தொடங்கிய அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. எண் 131 450. தமிழுக்கும் அதே எண்தான். நம் வீட்டுப் பெரியவர்களை இல்லத்தில் சேர்த்திருப்பவர்கள், வலியைச் சொல்ல அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அங்குள்ளவர்களிடம் கொடுத்து வையுங்கள். 'குத்துது', 'கடுக்குது', 'விண் விண்ணுன்னு தெறிக்குது' எல்லாமே வேறு வேறு வலி.