ஒரு வரி விட்டுப்போன பேய்ப்படம்

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். முழுப்படமும் பல பிரதிகளாகக் கிடைக்கும். ஒன்று சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி மங்கலாக இருக்கும். இன்னொன்றில் யாரோ வண்ணம் பூசியிருப்பார்கள். வேறொன்று பளிச்சென்று கண்ணைப் பறிக்கும். 1968-ல் வந்து இன்றும் பேசப்படுகிற ஒரு படம் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிறதே, எப்படி? திருட்டுப் பிரதியா? இல்லை, சட்டப்படியே அது பொதுச்சொத்து. காரணம், அதன் முதல் அட்டையில் விட்டுப்போன ஒரே ஒரு வரி.

முதலில் படம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் ரொமேரோ. சொந்தமாக ஒரு முழுநீளப் படம் எடுக்கணும்னு நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு 'இமேஜ் டென்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிறகு அங்கங்கே புரட்டியதையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு பழைய பண்ணைவீடு கிடைத்தது. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். அந்த வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இதுதான் கதை. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமானதாக இருந்தது. தயாரிப்பாளர்களே நடிக்கவும் செய்தார்கள். நாயகன் வேடத்துக்கு டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் வந்தார். அந்தக் காலத்து அமெரிக்கப் பேய்ப்படத்தில் இது நடக்காத காரியம்.

இப்போது அந்த வரி. படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. பெயர் அட்டையிலேயே, தலைப்புக்குக் கீழே, பதிப்புரிமை அறிவிப்பும் இருந்தது. 'தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' என்று ஏற்கெனவே ஒரு படம் வந்திருந்ததால் வால்டர் ரீட் என்ற விநியோக நிறுவனம் பெயரை மாற்றியது. பழைய அட்டையைத் தூக்கிவிட்டுப் புது அட்டை போட்டார்கள். அதில் தலைப்பு மட்டும் இருந்தது, அறிவிப்பு இல்லை.

இன்றைக்கு இது ஒரு பிரச்னையே இல்லை. ஒரு படைப்பு உருவானதுமே உரிமை தானாக வந்துவிடும். ஆனால் அப்போது அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை போச்சு, அவ்வளவுதான். 1989-ல்தான் அறிவிப்பு கட்டாயம் என்ற நிலை முழுதாக நீங்கியது. இந்தப் படத்துக்கு அது 21 வருடம் தாமதம்.

தியேட்டரில் ஓடும்வரை இதன் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது. படம் ஓட்ட ஃபிலிம் சுருள் வேண்டும். அது எல்லார் கையிலும் இருக்காது. வீடியோ கேசட் வந்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. ஒரு பிரதி கிடைத்தால் போதும், யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம், யாருக்கும் காசு தரவேண்டாம். சின்னச் சின்ன கம்பெனிகள் எல்லாம் போட்டார்கள். தள்ளுபடிக் கூடைகளில் மலிவு விலைக்கு விற்றார்கள். படம் எடுத்தவர்களுக்கு அதில் ஒரு பைசா வரவில்லை.

பணம் போனது ஒரு பக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது படத்தின் உருவத்துக்கு நேர்ந்த சேதம். ஃபிலிமிலிருந்து ஃபிலிம், அதிலிருந்து டேப், அந்த டேப்பிலிருந்து இன்னொரு டேப் என்று ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் விவரம் செத்துப்போகும். கறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெள்ளைகள் வெளுத்துவிடும். படத்தின் பெரும்பகுதி இரவில் நடப்பது வேறு. நகல் பார்த்தவர்கள், "பாவம், பட்ஜெட் இல்ல, இப்படித்தான் எடுக்க முடிஞ்சிருக்கு" என்று நினைத்துக்கொண்டார்கள். செய்திப்படம் மாதிரி இருக்கிறதே என்று சிலர் அந்த மங்கலையே பாராட்டவும் செய்தார்கள்.

உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. பொதுச்சொத்தான படத்தில் புதிதாக எதையாவது சேர்த்தால், சேர்த்த பகுதிக்கு உரிமை கிடைக்கும். 1986-ல் ஹால் ரோச் ஸ்டூடியோஸ் நிறுவனத்தின் வண்ணம் பூசிய கேசட் வந்தது. 1990-ல் ரொமேரோ திரைக்கதை எழுத, டாம் சாவினி இயக்க, படத்தையே திரும்ப எடுத்தார்கள். உரிமையுள்ள ஒரு 'நைட்' கைவசம் இருக்கட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். 1999-ல் இணைக்கதாசிரியர் ஜான் ருஸ்ஸோ புதுக்காட்சிகள் எடுத்துப் பழைய படத்துக்குள் சொருகி, 30-ஆம் ஆண்டுப் பதிப்பு என்று வெளியிட்டார். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

கடைசியில் கைகொடுத்தது நெகட்டிவ். படம் ஊருக்கே சொந்தமானாலும், கேமராவுக்குள் ஓடிய மூல நெகட்டிவ் பிழைத்திருந்தது. 2016-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் அதை 4கே தரத்தில் ஸ்கேன் செய்து சீரமைத்தார்கள். ரொமேரோவே அதை மேற்பார்வையிட்டார். அடுத்த வருடம் அவர் காலமானார். 2018-ல் கிரைட்டீரியன் நிறுவனம் அதைப் புளூ-ரேயாகக் கொண்டுவந்தது.

அதில் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. ஒளியமைப்பை யோசித்துச் செய்திருக்கிறார்கள். சுவரில் விழும் நிழலுக்கும் அடுத்த அறையின் இருட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது. முடிவைச் சொல்லப்போவதில்லை, ஆனால் கடைசியில் வரும் நிலைப்படங்களைக் கவனியுங்கள். செய்தித்தாள் புகைப்படம் போலப் புள்ளி புள்ளியாக, சொரசொரப்பாக இருக்கும். மோசமான கேசட்டில் படம் முழுக்கவே சொரசொரப்பு என்பதால் இந்த மாற்றம் உறைக்காது. தெளிவான பிரதியில், அதுவரை நாம் கூடவே இருந்த மனிதர்கள் சட்டென்று பத்திரிகைச் செய்தியாகிவிடுகிறார்கள். வயிற்றைப் பிசைகிறது.

உரிமை போனதால்தான் இன்று உலகமெங்கும் ஜாம்பி படங்கள் எடுக்க முடிகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது முழுக்கச் சரியில்லை. செத்தவன் எழுந்து கடிப்பான் என்பது வெறும் கருத்து; கருத்துக்கு எப்போதும் பதிப்புரிமை கிடையாது. (படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது, 'கூல்' என்றுதான் சொல்வார்கள்.) உரிமை போனதால் கிடைத்தது பரவல். எந்தத் தொலைக்காட்சியும் போடலாம், எந்தக் கடையும் விற்கலாம். அதனால் ஒரு தலைமுறைக்கே இது தெரிந்த படமானது.

ஆனால் பரவியதும் பிழைத்ததும் ஒன்றில்லை. நூறு கம்பெனிகள் நகல் எடுத்தார்கள், மூலம் எங்கே என்று தேட அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. ஒரு நெகட்டிவ் கெடாமல் இருந்ததால்தான் படம் திரும்பக் கிடைத்தது.

இன்னும் பார்க்கவில்லை என்றால், இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதையே ஓட்டிவிடாதீர்கள். வண்ணம் பூசாதது, 96 நிமிடம் ஓடுவது, கிட்டத்தட்ட பழைய டிவி மாதிரி சதுரமான சட்டகம், நெகட்டிவிலிருந்து சீரமைத்தது. இந்த நான்கையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.