கேஸ் ஷீட்டில் இல்லாதது

பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறவரிடம் டாக்டர் கேட்பது, ‘ஒடம்புக்கு என்ன?’ ‘கூலி போச்சுன்னா வீட்ல என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்பது யார்? மருத்துவப் பார்வை உடலை வாழ்விலிருந்து பெயர்த்தெடுக்கிறது. 1905இல் பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் கபோட் சமூகப் பணியாளரை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது இதனால்தான். பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் அப்பணி 1946இல் தொடங்கியது.

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். விடுவது அறியாமையால் மட்டுமல்ல, வயிற்றுப்பாட்டாலும்தான். இதை கேஸ் ஷீட்டில் ஏற்றுபவரே சமூகப் பணியாளர் என்பேன். அவரையே காப்பீட்டுப் படிவம் நிரப்பும் குமாஸ்தாவாக, நோயாளியைப் பணியவைக்கும் ஏவலராகச் சுருக்கவும் முடியும். அவர் யார் பக்கம் என்பதை நிர்வாகம் மட்டும் தீர்மானிக்க விடக்கூடாது.