டிஸ்க் கோல்ஃப்: முதல் டிஸ்க் மெதுவானதாக இருக்கட்டும்

கோல்ஃப்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஏக்கர் கணக்கில் புல்வெளி, விலை உயர்ந்த மட்டைகள், கிளப் மெம்பர்ஷிப். ஆனால் மட்டையும் பந்தும் இல்லாமல், கையில் ஒரு பிளாஸ்டிக் டிஸ்க் மட்டும் வைத்து விளையாடும் கோல்ஃப் ஒன்று இருக்கிறது. அதுதான் டிஸ்க் கோல்ஃப். அமெரிக்காவில் வளர்ந்து, இன்று பின்லாந்து, எஸ்டோனியா, ஐஸ்லாந்து என்று பரவியிருக்கிறது. உலகம் முழுக்க 10,000-க்கும் அதிகமான மைதானங்கள் உண்டு. பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில், கட்டணமே இல்லாமல்.

ஆரம்பிப்பது சுலபம். ஆனாலும் புதிதாக வருகிறவர்களில் நிறைய பேர், "நம்ம கைக்கு இது செட் ஆகாது" என்று சீக்கிரமே ஒதுங்கிவிடுகிறார்கள். எவ்வளவு பலமாக எறிந்தாலும் டிஸ்க் நாற்பது மீட்டரில் இடப்பக்கம் சரிந்து விழுகிறது. பல நேரம் இதில் கையின் குற்றத்தைவிட வாங்கிய டிஸ்க்கின் குற்றம்தான் அதிகம். அது ஏன் என்று புரிந்துவிட்டால் பாதி விளையாட்டு புரிந்த மாதிரி. அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம்.

முதலில், விளையாட்டு என்ன?

மைதானத்தில் 9 அல்லது 18 'ஹோல்'கள் இருக்கும். ஹோல் என்றாலும் தரையில் குழி கிடையாது. ஒரு கம்பம், அதன் நடுவில் ஒரு கூடை, கூடைக்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். டீ என்ற இடத்தில் (குடிக்கிற டீ இல்லை) நின்று முதல் எறி. டிஸ்க் எங்கே விழுந்ததோ அங்கிருந்து அடுத்த எறி. இப்படியே போய் டிஸ்க்கைக் கூடையில் சேர்க்க வேண்டும். சங்கிலியில் மோதும் டிஸ்க் வேகம் இழந்து கூடைக்குள் விழும். எத்தனை எறியில் முடித்தீர்கள் என்பதுதான் ஸ்கோர். குறைந்த ஸ்கோர் எடுத்தவர் வெற்றியாளர். பெரும்பாலான ஹோல்களின் 'பார்', அதாவது எதிர்பார்க்கப்படும் எறிகளின் எண்ணிக்கை, 3.

தகர மூடியிலிருந்து சங்கிலி வரை

1926-லேயே கனடாவின் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகள் தகர டப்பா மூடிகளைக் குறிபார்த்து எறிந்து இதே மாதிரி ஒரு விளையாட்டை விளையாடியிருக்கிறார்கள். பிறகு பிரிஸ்பீ வந்ததும் அமெரிக்காவில் ஆங்காங்கே மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி என எதையாவது குறிவைத்து ஆடினார்கள்.

அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தவர் எட் ஹெட்ரிக். பிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அங்கே முதலில் இருந்தது வெறும் கம்பம்தான். டிஸ்க் கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று வாக்குவாதம் வராமல் இருக்கத்தான் சங்கிலிக் கூடை வந்தது. 1976-இல் பி.டி.ஜி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கத்தையும் அவரே தொடங்கினார். 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைக் கலந்து டிஸ்க்குகள் வார்க்கப்பட்டன!

இன்னொரு திருப்பம் 1983-இல். டேவ் டுனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாகச் சீவிய டிஸ்க்கை வடிவமைத்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் இந்த வடிவம்தான் இன்றைய டிஸ்க்குகளின் அடிப்படை. புதியவர்களுக்குச் சோதனையும் இங்கிருந்துதான் ஆரம்பம்.

டிஸ்க் மேலே இருக்கும் நாலு எண்கள்

சென்னைக் கடற்கரையில் சிலர் அல்டிமேட் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டிஸ்க் 175 கிராம், சுமார் 27 செ.மீ. விட்டம். கோல்ஃப் டிஸ்க் அதைவிடச் சின்னது, சுமார் 21 செ.மீ. எடை பெரும்பாலும் 150 முதல் 175 கிராம். விளிம்பு கெட்டியாக, சற்றுக் கூர்மையாக இருக்கும். பொதுவாக மூன்று வகை: கூடைக்குப் பக்கத்தில் எறியப் 'பட்டர்', நடுத்தூரத்துக்கு 'மிட்ரேஞ்ச்', தூரமாக எறிய 'டிரைவர்'.

பல டிஸ்க்குகளில் நாலு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்:

1. ஸ்பீடு (1 முதல் 14, 15 வரை): இந்த டிஸ்க் சரியாகப் பறக்க எவ்வளவு வேகமாக எறியணும்.
2. கிளைடு (1 முதல் 7): காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும்.
3. டர்ன் (+1 முதல் -5): வேகமாகப் போகும்போது எவ்வளவு வலப்பக்கம் திரும்பும். மைனஸ் கூடக் கூட, திருப்பமும் கூடும்.
4. ஃபேடு (0 முதல் 5): வேகம் குறைந்து இறங்கும்போது எவ்வளவு இடப்பக்கம் சரியும்.

வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் எறிவதை வைத்துத்தான் இந்த இடம், வலம் எல்லாம். இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் எண்ணில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஸ்பீடு 12 என்றால் வேகமாகப் போகும், அப்போ ரொம்ப தூரம் போகும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஸ்பீடு என்பது டிஸ்க் நமக்குத் தருவது அல்ல. நம்மிடம் அது கேட்பது. இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் (12, 5, -1, 3) நூறு மீட்டரைத் தாண்டி எறிகிற கைகளுக்கான டிஸ்க். அதே நிறுவனத்தின் ஏவியர் என்ற பட்டர் (2, 3, 0, 1) புதியவர் கையிலிருந்தும் நேராகப் போகும். டெஸ்ட்ராயரை அதே கையில் கொடுத்தால், வலப்பக்கம் திரும்புகிற கட்டத்துக்கே போகாது. நேராக ஃபேடுக்கு வந்து இடப்பக்கம் விழுந்துவிடும்.

ஏன் இப்படி? கொஞ்சம் இயற்பியல்

நம்ம சிலபஸில் வருகிற கைரோஸ்கோப்பே இங்கேயும் வருகிறது. பேக்ஹேண்டில் எறிந்த டிஸ்க், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். காற்று அதன்மேல் செலுத்தும் தூக்குவிசை டிஸ்க்கின் நட்டநடு மையத்தில் செயல்படுவதில்லை. வேகமாகப் போகும்போது அந்த விசை மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் டிஸ்க்கின் மூக்கைக் கீழே அழுத்தும் ஒரு திருப்புவிசை உண்டாகிறது. வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கும்போது, காற்று அதைக் கீழிருந்து தாக்குகிறது. விசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கை மேலே தள்ளப் பார்க்கிறது.

சுழலாத தட்டாக இருந்தால் மூக்கு கீழேயோ மேலேயோ போயிருக்கும். சுழலும் பொருள் அப்படிப் பணியாது. திருப்புவிசையின் விளைவு 90 டிகிரி தள்ளி வெளிப்படும். அதனால் மூக்கை அழுத்தும் விசை டிஸ்க்கை வலப்பக்கம் சாய்க்கிறது: அது டர்ன். மூக்கைத் தூக்கும் விசை இடப்பக்கம் சாய்க்கிறது: அது ஃபேடு. நல்ல எறி ஒன்று முதலில் கொஞ்சம் வலம் போய், கடைசியில் இடம் திரும்பி, நீட்டி எழுதிய 'எஸ்' மாதிரி ஒரு பாதையில் பறப்பது இதனால்தான்.

இப்போது டெஸ்ட்ராயர் விஷயம் புரிந்திருக்கும். அந்த டிஸ்க்கைப் பொறுத்தவரை நம்முடைய முழுவேகமே மெதுவான வேகம்தான். கையை விட்டதுமே ஃபேடு கட்டம் ஆரம்பித்துவிடுகிறது.

காற்றையும் இதே கணக்கில் புரிந்துகொள்ளலாம். டிஸ்க்குக்குத் தெரிவது தரைவேகம் அல்ல, காற்றோடு ஒப்பிட்ட வேகம். எதிர்காற்றில் அது கூடும். டிஸ்க் வழக்கத்தைவிட வலப்பக்கம் திரும்பும். பின்காற்றில் குறையும், சீக்கிரம் இடப்பக்கம் சரியும்.

அப்போ என்ன வாங்கலாம்?

இரண்டே டிஸ்க். ஏவியர் மாதிரி ஒரு பட்டர், டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (5, 4, -1, 1) மாதிரி ஒரு மிட்ரேஞ்ச். இந்த இரண்டையும் நேராக எறிய வந்த பிறகு, லெபர்ட் (6, 5, -2, 1) போல ஒரு மென்மையான டிரைவர் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண பிளாஸ்டிக்கில் வருவது அமெரிக்காவில் சுமார் 10 டாலர். எடை 150 முதல் 165 கிராமுக்குள் இருந்தால் புதிய கைக்கு வசதி.

மெதுவான டிஸ்க்கில் இன்னொரு லாபமும் உண்டு. அது பொய் சொல்லாது. கோணம் தப்பினால் உடனே தள்ளாடிக் காட்டிவிடும். வேகமான டிஸ்க்கில் ஃபேடு பலமாக இருப்பதால், தப்பாக எறிந்தாலும் சரியாக எறிந்தாலும் அது இடப்பக்கமே போகும். எதைத் திருத்துவது என்றே தெரியாது.

எறிவது எப்படி?

ஓடி வந்து எறிவதெல்லாம் பிறகு. முதலில் நின்ற இடத்திலேயே பழகுங்கள்.

- இலக்குக்கு வலத்தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். கட்டைவிரல் டிஸ்க்கின் மேலே, மற்ற விரல்கள் விளிம்புக்கு உள்ளே.
- கையைப் பின்னால் நீட்டி, நெஞ்சை ஒட்டியபடி நேர்கோட்டில் இழுங்கள். சின்ன ஜெனரேட்டரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார்களே, அதே அசைவு. முழங்கை முன்னே வரும், மணிக்கட்டு கடைசியில் வெடுக்கென்று திறக்கும்.
- பலம் கையிலிருந்து மட்டும் வராது. இடுப்பும் தோளும் திரும்பணும். விட்ட பிறகு கையை நிறுத்தாமல் சுற்றிப் போக விடுங்கள்.
- டிஸ்க்கின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் அது ஏறி, நின்று, பொத்தென்று விழும். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு சாய்வது போல லேசாகச் சாய்த்துப் பிடித்தால் மூக்கு இறங்கும்.

கூடைக்கு 10 மீட்டருக்குள் எறிவது 'பட்டிங்'. ஸ்கோர் குறைவது பெரும்பாலும் இங்கேதான். நீண்ட எறி ஒன்று 20 மீட்டர் கூடினால் ஒரு ஸ்கோர் குறையலாம், குறையாமலும் போகலாம். 5 மீட்டரிலிருந்து தவறாமல் போடத் தெரிந்தால் ஒவ்வொரு ஹோலிலும் லாபம். தினமும் 5 மீட்டரில் நின்று 30 தடவை போடுங்கள். பாதிக்கு மேல் விழ ஆரம்பித்ததும் ஓரடி பின்னால் போங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

- கூடையிலிருந்து யார் டிஸ்க் தூரமாகக் கிடக்கிறதோ அவர் முதலில் எறிவார்.
- விழுந்த இடத்தில் ஒரு குட்டி மார்க்கர் வைத்து, அதற்குப் பின்னால் காலூன்றி எறிய வேண்டும்.
- 10 மீட்டருக்குள் எறிந்தால், எறிந்த வேகத்தில் முன்னால் போய்விடக் கூடாது. சமநிலையில் நின்ற பிறகே அடி எடுத்து வைக்கலாம்.
- எல்லைக்கு வெளியே போனால் ஓர் எறி அபராதம்.

கூடை இல்லாமலே தொடங்கலாம்

கேம்பஸில் கூடை இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கூடை வருவதற்கு முன்பே இந்த விளையாட்டு இருந்தது. கிரவுண்டு ஓரத்து வேப்பமரம் முதல் ஹோல், கோல்போஸ்ட் இரண்டாவது, விளக்குக் கம்பம் மூன்றாவது. மரத்தின் இடுப்பு உயரத்துக்கு ஒரு துணி கட்டி, அதில் பட்டால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 முதல் 60 மீட்டர் தூரத்தில் ஆறு குறிகள் கிடைத்தால், நாலு பேர் ஒரு மணி நேரம் ஆடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது கடற்கரை பிரிஸ்பீ அல்ல; பிடித்து விளையாடக் கூடாது. கெட்டி விளிம்பு முகத்தில் பட்டால் பல்லோ கண்ணோ போகும். பாதையில் ஆள் நடமாட்டம் இருந்தால் காத்திருங்கள். தவறி யார் பக்கமாவது போனால், உலகமெங்கும் இந்த விளையாட்டில் கத்துவது போல உரக்க "ஃபோர்!" என்று கத்துங்கள். நம்ம ஊரில் கூடவே "தலையைக் குனி!" என்றும் சேர்த்துக் கத்துவது நல்லது.

இரண்டு டிஸ்க், ஆறு மரம், மூணு நண்பர்கள். சாயங்காலம் லேப் முடிந்ததும் போய் முதலில் பட்டரை எறிந்து பாருங்கள். அது நேராகப் பறந்த பிறகு, வேகமான டிஸ்க் பற்றி யோசிக்கலாம்.