பீங்கானில் ஓடும் மின்சாரம்

மின்சாரம் பாயும் கம்பி சூடாவதை நாம் அறிவோம், மின்தடையே காரணம். 1911இல் ஹாலந்து அறிஞர் காமர்லிங் ஓன்னெஸ் பாதரசத்தை −269 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்தபோது அத்தடை அறவே மறைந்தது. இத்தகைய பொருளை மீகடத்தி என்கிறோம்.

1987இல் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்ஸிஜன் சேர்ந்த ஒரு பொருள் சுமார் −180 டிகிரியிலேயே மீகடத்தியாயிற்று. பார்ப்பதற்கோ கறுத்த பீங்கான் வில்லை! மலிவான திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும். இதனுள் தாமிர ஆக்ஸைடு, புத்தகத் தாள்களைப் போல் அடுக்கடுக்காய் அமைந்துள்ளது. தாளின் போக்கில் மின்சாரம் எளிதாய் ஓடும்; தாளுக்குத் தாள் தாவுவது கடினம்.

குளிர்ந்த வில்லை காந்தப்புலத்தை வெளியே தள்ளுவதால் சிறு காந்தம் அதன்மேல் அந்தரத்தில் மிதக்கிறது. ஆனால் புலம் வலுத்தால் மெல்லிய இழைகளாய் உள்ளே புகுந்துவிடும். அவ்விழைகள் நகர்ந்தால் மின்தடை மீண்டும் தலைகாட்டும். அவற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பதே மீகடத்திக் கம்பி செய்வோருக்குப் பெரும்பாடு.