மலையேரிக்குப் படகு சுமக்கும் வழி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வடபகுதியிலுள்ள அடிரோன்டாக் மலைகளில், பனியூழிக் காலத்துப் பனியாறுகள் விட்டுச்சென்ற சிற்றேரிகள் பல சாலையிலிருந்து விலகிக் காட்டுக்குள் கிடப்பதால், அங்கே துடுப்புப் படகு செலுத்த விரும்புவோர் முதலில் அதைத் தோளில் சுமந்தாக வேண்டும். சாலைக்கும் நீருக்கும் நடுவிலோ, ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் நடுவிலோ படகு சுமந்து செல்லும் தடத்தை அப்பகுதியினர் ‘கேரி’ என்பர். எந்த ஏரிக்குச் செல்ல இயலும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இத்தடமும் படகின் எடையுமே. ஜே. ஹென்றி ரஷ்டன் என்னும் படகுக் கைவினைஞர், அறுபதைக் கடந்த, உடல் நலிந்த எழுத்தாளர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸுக்காக 9 அடி நீளத்தில் கட்டித் தந்த ‘சேரி கேம்ப்’ என்னும் கனூப் படகின் எடை ஏறத்தாழ 4.8 கிலோதான், 1883இல் அதைக்கொண்டு சியர்ஸ் அம்மலையேரிகளூடே 266 மைல் பயணம் செய்தார்.

வழி தேடுவோர் முதலில் நாடுவது 1:24,000 அளவிலான நிலவரைபடத்தை. அதில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 240 மீட்டரைக் குறிக்கும். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது, விலகியிருந்தால் மென்மையானது என்று கொள்ளலாம். ஆயினும், கோடுகளே இல்லாத சமதளக் கரைதான் பல நேரங்களில் ஏமாற்றுகிறது. பாசி படர்ந்து மிதக்கும் சதுப்புப் பரப்பு நிலம்போலத் தோன்றிக் காலடியில் அமிழும். பீவர் என்னும் கொறிவிலங்குகள் மரக்கிளைகளாலும் சேற்றாலும் ஓடைகளை அடைத்துக் கட்டும் அணைகளால் நீர்மட்டம் உயர்ந்து, படத்திலுள்ள தடமே மூழ்கிப்போவதும் உண்டு. எனவே, படகின்றி ஒருமுறை நடந்து பார்ப்பதற்கு ஈடான ஆய்வு வேறில்லை.

நில உரிமை மற்றொரு சிக்கல். 1892இல் உருவாக்கப்பட்ட அடிரோன்டாக் பூங்காவில் ஏறத்தாழப் பாதி தனியார் நிலமாதலால், மிகக் குறுகிய வழி பிறர் நிலத்தினூடே செல்லக்கூடும். செயின்ட் ரீஜிஸ் கனூப் பகுதியோ அரசு நிலம். அங்கே இயந்திரப் படகுகளுக்கு அனுமதியில்லை, சிற்றேரிகளைக் கேரித் தடங்கள் அடுத்தடுத்து இணைக்கின்றன. புதிதாகப் பழகுவோர் அங்கிருந்து தொடங்குவதே தக்கது.