வெப்பப் பரிமாற்ற வினைல்

வெப்பப் பரிமாற்ற வினைல் என்பது வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டு துணியின் மீது ஒட்டப்படும் மெல்லிய நெகிழிப் படலம் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது எச்.டி.வி. என்றும் அழைக்கப்படுகிறது. டி-சர்ட், துணிப்பை, தொப்பி, விளையாட்டுச் சீருடை ஆகியவற்றில் பெயர், எண், படம் ஆகியவற்றைப் பதிக்க இது பயன்படுகிறது. திரை அச்சில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியே சட்டம் தயாரிக்க வேண்டும். வினைலில் அந்தச் செலவு இல்லை. ஒரே ஒரு சட்டைக்கும் தனி வடிவம் செய்யலாம். ஆயினும் சில சலவைகளிலேயே படலம் உரிந்துவிடுகிறது என்ற குறை பரவலாக உள்ளது. பல நேரங்களில் அதற்குக் காரணம் வினைலின் தரம் அன்று, ஒட்டிய முறையே.

அமைப்பு

இந்த வினைல் மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே இருப்பது ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் தாங்கு தாள். நடுவில் இருப்பது பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி.யால் ஆன வண்ணப் படலம். அடியில் வெப்பத்தால் உருகும் பசை அடுக்கு உள்ளது. அறை வெப்பநிலையில் இந்தப் பசை ஒட்டாது. சூடேறியதும் அது இளகித் துணியின் நூலிழைகளுக்கிடையே இறங்கி, ஆறியதும் இறுகி அவற்றைப் பற்றிக்கொள்கிறது. வாகனங்களில் ஒட்டப்படும் ஸ்டிக்கர் வினைலின் பசை கையால் அழுத்தினாலே ஒட்டக்கூடியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஸ்டிக்கர் வினைல் துணிக்கு ஏற்றதன்று.

வெப்பம், நேரம், அழுத்தம்

பசை இழைகளுக்குள் இறங்க இம்மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். பொதுவான பாலியூரித்தேன் வினைல்களுக்கு ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 10 முதல் 30 விநாடி நேரமும் பரிந்துரைக்கப்படுகின்றன. சரியான அளவு வகைக்கு வகை மாறுவதால் உற்பத்தியாளரின் குறிப்பைப் பின்பற்ற வேண்டும்.

வெப்பம் குறைந்தால் பசை முழுமையாக உருகாது. வெப்பம் மிகுந்தால் படலம் சுருங்கும், துணி கருகும், பசை ஓரங்களில் வழியும். வெப்பமும் நேரமும் சரியாக இருந்தும் அழுத்தம் குறைந்தால், பசை துணியின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அப்போது நன்கு ஒட்டியதுபோல் தோன்றும் படலம் முதல் சலவையிலேயே ஓரத்தில் எழும்பக்கூடும்.

துணி வகைகள்

பருத்தி வெப்பத்தைத் தாங்குவதால் தொடக்க நிலையினருக்கு ஏற்றது. பாலியெஸ்டர் துணியில் வேறொரு சிக்கல் உண்டு. அதற்கு ஏற்றப்படும் சாயம் மிகுந்த வெப்பத்தில் ஆவியாகி வினைலுக்குள் ஊடுருவும். சிவப்பு பாலியெஸ்டர் சட்டையில் ஒட்டிய வெள்ளை எண் நாளடைவில் இளஞ்சிவப்பாக மாறுவது இதனால்தான். இத்தகைய துணிக்குக் குறைந்த வெப்பத்தில் ஒட்டும் வினைலையோ, சாயத்தைத் தடுக்கும் அடுக்கு கொண்ட வினைலையோ பயன்படுத்த வேண்டும். நைலான் எளிதில் சுருங்கும். குடை, மழைச்சட்டை போன்றவற்றில் உள்ள நீர்விலக்குப் பூச்சு, பசை பற்றுவதைத் தடுக்கும். இவற்றுக்குத் தனி வகை வினைல்கள் உள்ளன.

வடிவத்தை வெட்டுதல்

தாங்கு தாள் கீழேயும் பசைப் பக்கம் மேலேயும் இருக்குமாறு வைத்து, வெட்டும் பொறியால் வினைல் வெட்டப்படுகிறது. கத்தி பசையையும் வண்ணப் படலத்தையும் மட்டும் வெட்ட வேண்டும். தாங்கு தாளை வெட்டக் கூடாது. துணியில் ஒட்டும்போது வினைல் கவிழ்த்து வைக்கப்படுவதால், வெட்டும் முன் வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் எழுத்துகள் இடவலம் மாறிப் பதியும். அந்த வினைல் வீணாகும்.

வெட்டிய பின் தேவையற்ற பகுதிகளைக் கொக்கி முனைக் கருவியால் நீக்குவது களைதல் எனப்படும். தமிழ் எழுத்துகளில் இங்குக் கூடுதல் கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி சிறிய தனித் துண்டாக இருப்பதால், களையும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடலாம். 'ம்' என்பது 'ம' ஆகிவிடும். எனவே தடித்த எழுத்துருவும் பெரிய புள்ளியும் நல்லது. சில வடிவமைப்பு மென்பொருள்களில் 'கெ', 'கொ' போன்றவற்றின் கொம்புகள் இடம் மாறித் தோன்றும். தமிழைச் சரியாகக் காட்டும் மென்பொருளில் சொல்லைத் தட்டச்சு செய்து, படமாக மாற்றிய பின் வெட்டுவது பாதுகாப்பானது.

ஒட்டும் முறை

1. துணியைத் துவைத்து முழுமையாக உலர்த்த வேண்டும். துணி மென்மையாக்கியைச் சேர்க்கக் கூடாது. அது பசையின் பிடிப்பைக் குறைக்கும்.
2. வினைல் இல்லாமல் துணியை மட்டும் 3 முதல் 5 விநாடி சூடாக்கி, ஈரத்தையும் சுருக்கத்தையும் போக்க வேண்டும்.
3. தாங்கு தாள் மேலே இருக்குமாறு வடிவத்தை வைத்து, டெஃப்லான் தாளால் மூட வேண்டும். பேக்கிங் தாளும் உதவும். மெழுகுத் தாள் உருகிக் கறையாகும்.
4. குறிப்பிட்ட நேரம் அசையாமல் அழுத்த வேண்டும்.
5. வினைலின் வகைக்கேற்பச் சூட்டிலோ, ஆறிய பின்போ தாங்கு தாளை உரிக்க வேண்டும். படலம் தாளுடன் எழும்பினால், தாளை மீண்டும் படியவைத்து அழுத்த வேண்டும்.
6. தாளை உரித்தபின், மேலே டெஃப்லான் தாளிட்டுச் சில விநாடிகள் மறுபடியும் அழுத்தினால் பிடிப்பு உறுதியாகும்.

பல வண்ணங்களை அடுக்கும்போது வழவழப்பான வினைல் அடியிலும், ஜிகினா வினைல் மேலேயும் வர வேண்டும். ஜிகினாவின் சொரசொரப்பான பரப்பில் மற்றொரு படலம் நன்கு பற்றாது.

வீட்டு இஸ்திரிப் பெட்டி

ஹீட் பிரஸ் இல்லாதவர்கள் இஸ்திரிப் பெட்டியையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வெப்பம் பரப்பெங்கும் சீராக இருப்பதில்லை. நீராவித் துளைகள் உள்ள இடத்தில் அழுத்தமும் இல்லை. எனவே நீராவியை நிறுத்தி, பஞ்சு வைத்த பலகைக்கு மாற்றாக வெப்பம் தாங்கும் கெட்டியான மேசையில் துணியை விரிக்க வேண்டும். பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தால் வடிவம் நகரும். ஓரிடத்தில் அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சலவைக் குறியீடுகளில் உள்ள புள்ளிகள் இஸ்திரி வெப்பத்தின் உச்ச வரம்பைக் குறிக்கும். துணியின் குறிச்சீட்டைப் பார்த்து, சிறு துண்டில் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குவது நல்லது.

பாதுகாப்பு

பி.வி.சி. கலந்த வினைலை லேசர் பொறியில் வெட்டக் கூடாது. எரியும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது நுரையீரலுக்குத் தீங்கானது, பொறியையும் அரிக்கும். எதனால் ஆனது என்று தெரியாத வினைலைக் கத்திப் பொறியில் மட்டுமே வெட்ட வேண்டும். சூடாக்கும் அறையில் காற்றோட்டம் அவசியம். அணிந்திருக்கும் உடையில் ஒருபோதும் வினைலை ஒட்டக் கூடாது.

பராமரிப்பு

ஒட்டிய பின் 24 மணி நேரமாவது கழித்தே துவைக்க வேண்டும். உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் துவைப்பது நல்லது. வெளுப்பான் சேர்ப்பதும், படத்தின் மீது நேரடியாக இஸ்திரி போடுவதும் படலத்தைக் கெடுக்கும். ஓரம் சற்றே எழும்பினால், அதன் மேல் டெஃப்லான் தாளிட்டு மீண்டும் அழுத்திச் சரிசெய்ய முயலலாம்.