மூச்சின் வரவும் செலவும்

திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழிஞ்ஞம் கடற்கரையில், சிப்பிப் பருவத்துக் காலை வேளைகளில் ஒரு காட்சியைக் காணலாம். நீர்க்கண்ணாடி அணிந்து, வலைப்பையும் இரும்பு உளியும் ஏந்திய மீனவர்கள் பாறைகளை ஒட்டி மூழ்குகின்றனர். ஆக்சிஜன் உருளை எதுவும் அவர்களிடம் இல்லை. ஒரே மூச்சில் அடியில் சென்று, பாறையில் ஒட்டிய பழுப்புச் சிப்பிகளைப் பெயர்த்து வருகின்றனர். சிறிது இளைப்பாறி மீண்டும் மூழ்குகின்றனர். வங்கி மேசையிலேயே ஆண்டுகளைக் கழித்து, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் எனக்கு அக்காட்சி வியப்பையும் சற்றே வெட்கத்தையும் அளித்தது.

இக்கலை தமிழருக்குப் புதிதன்று. குளித்தல் என்னும் சொல்லுக்கு மூழ்குதல் என்ற பொருளும் உண்டு. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் ஆகிய தொழிற்பெயர்கள் அவ்வாறு அமைந்தவையே. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. இன்று அதே செயல் ஃப்ரீடைவிங் என்ற பெயரில் உலகெங்கும் விளையாட்டாகப் பயிலப்படுகிறது. அதில் இறங்கும் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் போன்ற கார்டியோ பயிற்சிகள் மூச்சடக்க உதவுமா?

வணிகவியல் படித்தவன் என்பதால் இதனை வரவு செலவாகவே பார்க்கத் தோன்றுகிறது. ஆழ இழுத்த மூச்சில் நுரையீரல் 5 லிட்டர் காற்றைக் கொள்கிறது எனில், அதில் ஆக்சிஜன் ஏறத்தாழ 1 லிட்டர் மட்டுமே. இரத்தத்திலும் தசைகளிலும் மேலும் ஓரளவு இருப்பு உண்டு. ஓய்விலிருக்கும் உடல் நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. கடும் உழைப்பின்போது இச்செலவு பத்து மடங்கு வரை உயரக்கூடும். வரவைப் பெரிதாகக் கூட்ட இயலாது, செலவைக் கட்டுப்படுத்தலாம்.

கார்டியோ பயிற்சி உதவுவது இங்கேதான். பயிற்சியால் இதயம் வலுப்பெற்று, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஓய்விலிருக்கும் பெரியவர்களின் நாடித்துடிப்பு பொதுவாக நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கும். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது 60க்கும் கீழே இறங்குவதுண்டு. அதே வேலையை உடல் குறைந்த சிரமத்துடன் செய்கிறது. இவற்றினும் முக்கியமானது மீட்சி. மேலே வந்தபின் சேர்ந்த கரியமில வாயுவை வெளியேற்றி, இழந்த ஆக்சிஜனை ஈடுசெய்து, அடுத்த மூழ்கலுக்கு உடல் விரைவில் ஆயத்தமாகிறது. ஒரே காலையில் பலமுறை மூழ்குவோர்க்கு இதுவே பெரும் பயன்.

ஆயினும் ஓட்டத்தால் மட்டும் ஒருவர் மூழ்குநர் ஆகிவிட முடியாது. மூச்சை அடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தும்போது இதயத்துடிப்பு தானாகவே குறைகிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மண்ணீரல் சேமித்து வைத்த சிவப்பணுக்களை வெளிவிடுகிறது. தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் கடலோடிகளின் மண்ணீரல், அண்டை இனத்தவருடையதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது என 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. இரத்தம் குறைந்த தசைகள் ஆக்சிஜன் பற்றாக்குறையிலேயே இயங்க வேண்டியிருப்பதால், அதற்கெனத் தனிப்பயிற்சி தேவை. எனவே முதலில் சில மாதங்கள் கார்டியோ பயிற்சியால் அடித்தளமிட்டு, பின்னர் நீச்சல், உடல் நெகிழ்வு, மனத்தளர்வு ஆகியவற்றுக்கு மாறுவது முறையாகும். மூழ்கும் நாளில் கடும் ஓட்டம் ஆகாது. உயர்ந்த துடிப்பு இருப்பை விரைவில் கரைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று. கரியமில வாயுவின் மிகுதியே. மூழ்குமுன் வேகவேகமாக மூச்செடுத்தால் ஆக்சிஜன் இருப்பு குறிப்பிடத்தக்க அளவு உயராது. கரியமில வாயு மட்டும் குறைந்து, உடலின் எச்சரிக்கை மணி ஓய்ந்துவிடும். மேலும், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இருமடங்கு. மேலேறும்போது அது குறைய, நுரையீரலின் ஆக்சிஜன் அழுத்தமும் சட்டெனச் சரிகிறது. கரையேறும் தறுவாயில் பலர் மயங்குவது இதனாலேயே. நல்ல உடல்தகுதி இதற்குக் காப்பு ஆகாது. நீச்சல் குளத்திலும் இவ்விபத்து நேரும்.

ஆகவே தகுதிபெற்ற பயிற்சியாளரிடமே கற்க வேண்டும். தனியே மூழ்கக் கூடாது. ஒருவர் நீருள் இருக்க, மற்றவர் மேலிருந்து கவனிக்க வேண்டும். மூழ்கிய நேரத்தைப் போல் குறைந்தது இருமடங்கு ஓய்வு வேண்டும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உடையோர் மருத்துவரின் ஒப்புதலின்றி முயலலாகாது.

எங்கள் கிளைக்கு வரும் சிப்பித் தொழிலாளர் ஒருவரிடம், எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவீர்கள் என வினவினேன். அதை அளந்து பார்த்ததே இல்லை என்றும், மூச்சு முட்டும் வரை அடியில் காத்திராமல் முன்னரே மேலே வந்துவிடுவதாகவும் கூறினார். குறைந்தபட்ச இருப்பைக் காக்கும் அவ்வழக்கம், வங்கிக்காரனாகிய எனக்கு எளிதில் விளங்கியது.

ஆழ்கடலை நாடாத நமக்கும் இதில் பயன் உண்டு. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அருங்காட்சியகத் தோட்டத்தில் நாள்தோறும் காலை அரைமணி நேரம் விரைந்து நடக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. இப்போது இரண்டு மாடி ஏறியபின் நின்று இளைப்பாற வேண்டியிருப்பதில்லை. வாசகர்களும் நாளைக் காலை எழுந்தவுடன் தம் நாடியை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொண்டு நடக்கத் தொடங்கலாம். மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.